உறுதி கேட்டு ஜன்னலோரம்

தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எனக்கு இனி இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானே நோர்வூட்டில் ஒரு சின்ன வீடு பார்த்து முற்பணம் கொடுத்தேன். விற்பவர் மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி. வீட்டின் பழைய உறுதிப் பத்திரம் அவருடைய வக்கீலிடம் இருந்தது. அதைப் பார்க்காமல் புது உறுதி எழுத முடியாது என்றார் என் வக்கீல். அவர் கடிதம் போட்டும் அந்த வக்கீலிடமிருந்து பதில் வரவில்லை.

"நீங்களே ஒருக்கா போய்க் கேட்டுப் பாருங்க."

ஹட்டனில் முதலாளியுடைய வக்கீலின் அலுவலகத்துக்குப் போய், தோட்டத்து ஆபீசில் நிற்பதுபோல ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கூப்பிட்டால்தானே உள்ளே போவது? உள்ளே பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. கிளார்க் எட்டிப் பார்த்து, "ஐயா கோட்டுல, கேஸ் ஒண்ணு" என்றார். அடுத்தடுத்துப் போனபோதும் அதேதான். ஒருநாள் மழையில் வக்கீலே குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்க என் ஆள் இல்லையே. புது உறுதிய என்கிட்ட எழுதச் சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பதில் எல்லாம் வரிசையாக வந்தது. வீட்டுக்குப் போனால், காம்பராவுக்குப் பெயின்ட் அடிக்க என் பெட்டியை வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேலேயே உட்கார்ந்து முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

மறுநாளே அவர் ஹட்டனுக்கு வந்தார்.

"ஏன் வெளிய நிக்கிறீங்க? வாங்க உள்ளுக்கு."

பெஞ்சில் அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா கோட்டுல," என்றார் கிளார்க்.

"முடிச்சிட்டு வரட்டும். நான் சோறு கட்டிக்கிட்டுத்தான் வந்தேன்."

உள் அறையில் யாரோ இருமினார்கள்.

"கோட்டு இங்கனதான் இருக்கு போல," என்று சொல்லிக்கொண்டே முதலாளி எழுந்து அந்தக் கதவைத் திறந்தார். "உறுதி என்னோடது ஐயா. இவருகிட்ட குடுங்க."

வக்கீல் எழுந்து அலுமாரியைத் திறந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே குடி வந்துவிட்டேன். லயத்தில் நான் இருமினால் கைப்பிள்ளைக்காரி இருந்த பக்கத்துக் காம்பராவிலிருந்து, "என்ன மாமா, தண்ணி குடிச்சீங்களா?" என்று குரல் வரும். இந்த வீட்டுச் சுவர்களுக்கு அந்தப் பக்கம் தேயிலைதான். ஆனாலும் இருமல் வந்தால் இன்னும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறேன், அடுத்த காம்பராவில் பிள்ளை தூங்கும் என்று.