முதலாளியம்மாவின் நாயும் என் வேலையும்

எங்கள் அலுவலகத்தில் நாய்க்கென்று தனி மெத்தை உண்டு. நான் சேர்ந்த அன்று எனக்கு நாற்காலி இல்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார்கள். மைசூரில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்துதரும் சின்ன நிறுவனம் அது. எனக்குக் கணக்கு வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். பி.காம் முடித்தும் மண்டி மொஹல்லாவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நின்றுகொண்டே பில் போட்டவள் நான். இந்த வேலை நிலைத்தால் போதும் என்றிருந்தது.

நாய் கன்றுக்குட்டி உயரம். முதலாளியம்மாவுடன் காரில் வந்து இறங்கி, அலுவலகம் முழுக்கத் திரியும். சின்ன வயதில் எங்கள் ஊர் மார்டள்ளியில் ஒரு நாய் என் கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகள் இன்றும் மறக்கவில்லை. இந்த நாய் மேசைக்கடியில் வந்து பாதத்தை முகர்ந்ததும் நாற்காலிமேல் ஏறிக் கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் வேறு எடுத்தார்.

"பயப்படாதீங்க, அவன் ஏனூ மாடல்ல" என்றார் மேலாளர், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக. ஒன்றும் செய்யமாட்டானாம். மார்டள்ளி நாயின் சொந்தக்காரரும் அது கடிக்கும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கட்டிப்போட முடியுமா என்று கேட்டேன். முதலாளியம்மா கன்னடத்தில், சிரித்த முகமாக, இது அவனுடைய ஆபீஸும்தான், நீங்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும், அதற்குத்தானே ஆறு மாதம் என்றார். நாயைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

வீட்டில் அழுதேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாயிக்குப் பயந்துட்டு வேலைய உட்டுருவியாக்கும்? உங்கப்பா தெனமும் சாரத்து மேல நிக்கறாரு. அவருக்குப் பயமில்லியா?" என்றாள். கட்டட வேலையிலிருந்து வந்திருந்த அப்பா, தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பயத்தை வென்றேன் என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். வேறு வழியில்லாமல் விழுங்கினேன். ஒரு மதியம் டிபன் டப்பாவைத் திறந்தேன், நாய் நேராக வந்துவிட்டது. பின்னால் சுவர். "ஏய், நில்லுடா அங்க" என்று என் வாய் தானாகவே அதட்டியது. முன்பு ஊரில் ஏர் ஓட்டும்போது அப்பா எருதுகளை அதட்டிய அதே குரல். அதுவரை கொஞ்சலை மட்டுமே கேட்டு வளர்ந்த நாய் அப்படியே நின்றது, பிறகு உட்கார்ந்தது. யாரோ கைதட்டினார்கள். மறுநாள் ஒரு விள்ளல் இட்லி போட்டேன். சில வாரங்களில் அதன் தலையில் கை வைத்தேன். பயம் போகவில்லை, ஆனால் கையை எடுக்கவில்லை. அந்த ஒரு நாள் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. யார் பேச்சுக்கும் அடங்காத நாய் என் பேச்சுக்கு அடங்கியது. நடத்திக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது, டாக்டரிடம் காட்டுவது எல்லாம் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. தேங்கிய பில்களை மேலாளர் வேறு ஆட்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்.

ஆறாவது மாதம் முதலாளியம்மா கூப்பிட்டார். என்னை நிரந்தரம் செய்கிறார்களாம். நாயையும் அலுவலகத்தையும் பார்த்துக்கொள்ள. கணக்குக்கு வேறொரு பெண் வருகிறாள். நான் பி.காம் என்றேன். நம் குடும்பத்தில் எந்த வேலையும் சின்ன வேலை இல்லை என்றார். குடும்பமாம்! அப்பா அப்போது முழங்கால் வீங்கி, சாரம் ஏற முடியாமல் இருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

புதுப் பெண் பெங்களூரிலிருந்து வந்தாள், நுனி நாக்கு ஆங்கிலம். நாய் வழக்கம்போல முகரப் போனது. அவள் கால்களை மேலே இழுத்துக்கொண்டு, எனக்கு நாய் என்றால் கொஞ்சம் பயம் என்றாள். அவ்வளவுதான். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மாவே எழுந்தோடி வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவனைப் பின்னாடி கொண்டுபோய்க் கட்டு. இவங்க இருக்கறப்ப உள்ள விடாதே" என்றார். 'நீங்கள்' எப்போதோ 'நீ' ஆகியிருந்தது.

கட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள். நல்ல பெண்தான். "உங்களுக்கு நாய்ன்னா பயமே கெடையாதா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.