தேன்சிட்டுக் கூடும் மாமியின் காக்காயும்

கேமரா வாங்கிய புதிதில் அடையாறு முகத்துவாரத்துக்குப் போய் வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம். கொக்கு அசையாமல் நிற்கும். நான் ஃபோகஸ் பண்ணி முடிப்பதற்குள் பறந்துவிடும். படத்தில் சேறு மட்டும் இருக்கும். போங்கடா என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருப்பதைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து அறுந்து தொங்கிய கேபிள் ஒயரில், குப்பை சிக்கியது மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள்.

தி. நகரில் ஜவுளிக்கடை வேலை எனக்கு. கடைக்குக் கிளம்பும் முன் தினமும் மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று படம் எடுப்பேன். கிட்டே போனால் தாய் வராது என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு பாடத்தையாவது ஒழுங்காகப் படித்திருந்தேன்.

சிக்கல் கீழ்வீட்டு மாமியால் வந்தது. அவர் கணவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. காலையில் சமையல் முடிந்ததும் ஒரு பிடி சாதத்தைக் கொண்டுவந்து, அந்தக் கூட்டுக்கு நேர் கீழே கைப்பிடிச் சுவரில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்காய்கள் வரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு பருக்கையைக்கூடத் தொடாமல் போய்விடும். தெருவில் எந்த எச்சில் இலையையும் விடாத ஜென்மங்கள்! "என்ன கோபமோ தெரியலையே" என்று மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்குவார்.

சாதத்தைத் தொடாத காக்காய் ஒன்று கூட்டை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தது. மாமி சாதம் வைக்க வந்தபோது மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"மாமி, அந்தப் பக்கத்துச் சுவர்ல வச்சா என்ன?"

"அவர் தினம் காபி டம்ளரோட நின்னுண்டிருந்த இடம் இதுதான். வேற எங்க வெச்சாலும் அவருக்கு எப்படித் தெரியும்?"

 கேமராவை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனேன்.

மறுநாள் அந்தக் காக்காய் நேராகக் குழாயில் வந்து உட்கார்ந்தது. மாமி கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தார். ஒரு 'சூ' போதும், கையை ஓங்கினால்கூடப் போதும். ஆனால் நான் யாரை விரட்டுகிறேன்? மாமி அழுதுகொண்டு இறங்குவதை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஆகாது. குஞ்சு சாவதையும் பார்க்க முடியாது. விரல் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்தது. காக்காய் கூட்டைக் கிழித்தது. ஒரு குஞ்சைக் கவ்வி விழுங்கியது. பிறகு சாவகாசமாகச் சுவரில் இறங்கிச் சாதத்தைக் கொத்தியது.

மாமி கண்ணைத் திறந்தார்.

"சாப்பிடறார்! பாத்தேளா, சாப்பிடறார்!" அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அத்தனை மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். "ஃபோட்டோ எடுத்தேளோ? பையனுக்கு அனுப்பணும்."

"எடுத்தேன் மாமி."

தாய்ச்சிட்டு வாயில் பூச்சியோடு வந்து கிழிந்த கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. உள்ளே மிச்சமிருந்த குஞ்சு வாயைப் பிளந்தது.

"கோபம் தீர்ந்துடுத்து" என்றார் மாமி. "இனிமே தினம் இதே நேரத்துக்கு வந்துடுவார், பாருங்கோ."

"வருவார் மாமி" என்றேன்.