ஆறாம் வரிசையில் ஒரு ரொட்டி

சுர்க்ராப் ஊருக்கு மேலே, மரங்கள் நின்றுபோகும் இடத்துக்கும் மேலே, ஒன்பது வரிசை இரும்புத் தடுப்புகள் இருக்கின்றன. கீழேயிருந்து பார்த்தால் மலை தலையில் சீப்பு செருகிக்கொண்ட மாதிரி தெரியும். பனி நழுவத் தொடங்குமுன் மேலேயே பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. ஒன்பதையும் நட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் ஐந்து குளிர்காலம்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் நகரத்து இன்ஜினியர்கள், "ஜாக்கென், இந்தப் பாறை தாங்குமா?" என்று என்னைத்தான் கேட்பார்கள். போகட்டும். இது என்னிடம் பாறையில் குழி போடும் வேலை பார்த்த லுரேனின் கதை.

1951 ஜனவரியில் வந்த பனிச்சரிவு லுரேனின் வீட்டை அடித்துக்கொண்டு போனது. மாட்டுக் கொட்டகையில் இருந்ததால் அவர் பிழைத்தார். அவர் மனைவி பார்லாவை மூன்றாம் நாள் தோண்டி எடுத்தோம். அடுப்புப் பக்கம், கையில் கரண்டியோடு கிடந்தாள். பனிக்குள் குத்திப் பார்த்த கோல்களில் அவளைக் கண்டுபிடித்தது என்னுடையதுதான்.

புனித அகத்தா நாளன்று, பிப்ரவரி ஐந்தில், பாதிரியார் ஆசீர்வதித்த ரொட்டியை எங்கள் வீடுகளில் வருடம் முழுக்க வைத்திருப்போம். அது இருக்கும் வீட்டைத் தீயும் பனியும் தொடாது என்பார்கள். லுரேன் வீட்டில் அந்த ஜனவரியில் அது இல்லை. வயிறு உப்பிய கன்றுக்குக் கடைசித் துண்டை ஊட்டிவிட்டிருந்தார். பார்லா வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. கன்று பிழைத்துக்கொண்டது.

பிறகு என்னிடம் வேலைக்கு வந்தார். தடுப்பு நிற்பது மேலே தெரியும் சட்டத்தால் அல்ல, பாறைக்குள் இறங்கும் கம்பியால். ஆள் உயரத்துக்குக் குழி போட்டு, கம்பியை இறக்கி, சிமென்ட் பால் ஊற்ற வேண்டும். லுரேன் போட்ட குழி நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு துணுக்கு அகத்தா ரொட்டியைப் போட்டுவிட்டுத்தான் கம்பியை இறக்குவார்.

"அடுத்த குழிக்குக் கொஞ்சம் வெண்ணெயும் தடவுங்கண்ணே, மலைக்குத் தொண்டை அடைக்கப்போவுது" என்பான் கூட வேலை செய்த பிளாசி.

நான் கண்டுகொள்ளவில்லை. என் சிமென்ட்டை ஒரு துணுக்கு ரொட்டி என்ன செய்துவிடும்?

1956 அக்டோபர். பனி விழ ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் பாறை மறைவில் பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தோம். லுரேன் கத்தியை மடக்கி வைத்தார்.

"மேஸ்திரி, ஒரு குழி சரியில்ல."

"எந்தக் குழி?"

"தெரியல."

"குழி போட்டவர் நீங்க. தெரியலன்னா என்னண்ணே அர்த்தம்?"

"இந்தக் கோடையில ஒரு நாள், ஒரே மூடுபனி. பார்லா குரல் கேட்டுச்சு. 'லுரேன், ரொட்டி இருக்கா'ன்னா. பையில முழு ரொட்டி இருந்துச்சு. அப்படியே உள்ள போட்டு இடிச்சுட்டேன். அது வழியிலயே அடைச்சுக்கிச்சு. கம்பிய அதுல குத்தி இறக்கி, அதுக்கு மேலயே சிமென்ட்ட ஊத்திட்டேன்."

"காத்தா இருக்கும்ணே" என்றான் பிளாசி.

"காத்துக்கு எம் பேரு தெரியுமா, தம்பி?"

பிளாசி வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை.

ஒரு கம்பி பிடுங்கிக்கொண்டால் அந்தத் தடுப்பு சாயும். அது சாய்ந்த வழியில் பனி இறங்கும். கீழே பள்ளிக்கூடம் இருக்கிறது. இன்ஜினியருக்குச் சொன்னால் லுரேனை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள், பள்ளத்தாக்கில் வேறு எவனும் வேலை தரமாட்டான். நான் சொல்லவில்லை. அந்தக் கோடையில் போட்டவை நாற்பத்தாறு கம்பிகள். பளு இழுக்கும் செயின் பிளாக்கை மாட்டி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம்.

முதல் நாள் பதினேழு. எல்லாம் மலையோடு மலையாக நின்றன. இரண்டாம் நாள் பதினான்கு. மூன்றாம் நாள் வானம் ஈயமாகிவிட்டது, பனித்துகள் முகத்தில் குத்தியது. ஆறாம் வரிசையின் கடைசிக் கம்பிக்கு வந்தபோது லுரேன் செயினைத் தொடாமல் விலகி நின்றார். அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே அவர் வீடு இருந்த வெற்றிடம்.

நான்கு இழுப்பு. ஆடிய பல் மாதிரி கம்பி கையோடு வந்துவிட்டது. மேலே ஒரு முழம் சிமென்ட் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே வெறும் இரும்பு. குழிக்குள் விளக்கை இறக்கிப் பார்த்தேன். பொந்து காய்ந்து கிடந்தது. ரொட்டி இல்லை. பூசணம் இல்லை, ஒரு துகள்கூட இல்லை.

லுரேன் எட்டிப் பார்த்தார். "சாப்பிட்டுட்டா" என்றார்.

பிளாசி தொப்பியைக் கழற்றினான். நானும் கழற்றினேன்.

ஒரு முழம் தள்ளி லுரேன் புதுக் குழி போட்டார். அதில் எதுவும் போடவில்லை; சிமென்ட் விளிம்பு வரை ஏறுவதை மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மலை மூடிக்கொண்டது. கம்பியைத் தள்ளிப் போட்டதற்கு, அந்த இடத்தில் பாறை பொத்தல் என்று இன்ஜினியரிடம் எழுதிக் கொடுத்தேன். அந்த மலையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அந்தக் குளிர்காலத்திலும் அதற்குப் பிறகும் என் வரிசைகளைத் தாண்டிப் பனி இறங்கியதில்லை.

அந்தப் பழைய குழியை அடைக்க வேண்டாம் என்று லுரேன் கேட்டுக்கொண்டார். திறந்த குழியை விட்டுவிட்டு வருகிறவன் இல்லை நான். அதை மட்டும் விட்டேன். வருடாவருடம் அக்டோபரில் ஒரு அகத்தா ரொட்டியை அதில் இறக்கி, தட்டைக்கல்லால் மூடிவிட்டு வருவார். அவர் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது நான் போடுகிறேன். ஜூனில் போய்ப் பார்த்தால் கல் வைத்தபடியே இருக்கும், குழி காலியாக இருக்கும். மலை அணில் தின்றிருக்கும் என்கிறான் பிளாசி. அக்டோபரில் மலை அணில் குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விடும், எழுந்தாலும் கல்லைப் புரட்டித் திரும்ப வைக்காது என்பது அவனுக்கும் தெரியும்.