துரை விட்டுப்போன வேலி

வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அப்படிக் காலியான ஒரு குவாட்டர்ஸ் என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. நாற்காலி, மேஜையெல்லாம் துரையோடு போய்விட்டன. தலைக்கு மேல் வளர்ந்த செம்பருத்தி வேலியும், வேலி வெட்டுவது பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகமும் மட்டும் மிஞ்சின. இரண்டையும் பதவி உயர்வோடு வந்த சீர்வரிசையாகவே இவர் எடுத்துக்கொண்டார்.

எனக்கு அந்த வேலியைக் கண்டாலே எரிச்சல். முன்பு, தமிழர் கூட்டம் நிறைந்த சிராங்கூன் ரோட்டில் கடைக்கு மேல் குடியிருந்தபோது, ஜன்னலைத் திறந்தால் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. இங்கே வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். அவர் தாளிக்கும் வாசனை வரும், இருமல் வரும், முகம் மட்டும் வராது. பேச ஆளில்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"நெஞ்சு உசரத்துக்கு வெட்டி விட்டுடுங்களேன்" என்றேன்.

"ஆபீசர் வீட்டு ஹெட்ஜ் அப்படியெல்லாம் இருக்காது லா. மேலே லேசா ட்ரிம் பண்ணா போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை புத்தகப்படி வேலை தொடங்கியது. கண்ணில் தூசி விழாமல் கறுப்புக் கண்ணாடி, கையுறை, தொப்பி. குச்சி நட்டு, மட்டம் பார்த்துக் கயிறு கட்டினார். ஏணியை உலுக்கி, ஆடுகிறதா என்று பார்க்க என்னிடம் சொன்னார். வெட்டுமுன் குருவிக்கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், பார்த்தார், இல்லை. இலைகளைச் சேர்த்து ஒட்டி உள்ளே குடித்தனம் நடத்தும் செவ்வெறும்பை அவர் தேடவில்லை. புத்தகம் எழுதியவர் இருந்தது இங்கிலாந்தில்.

முதல் சில வெட்டுகள் கயிற்றையொட்டி அழகாகவே விழுந்தன. அடுத்தது எறும்புக்கூட்டின்மேல் விழுந்தது. அலறிக்கொண்டு குதித்தார், ஏணி வேலிமேல் சரிந்தது. எறும்புகள் காற்சட்டைக்குள் புகுந்துவிட, புல்வெளி நடுவில் நின்று அதைக் கழற்றி வீசினார். தொப்பி, கண்ணாடி, கையுறை எல்லாம் ஒழுங்காக இருந்த இடத்திலேயே இருந்தன.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "என்ன சத்தம்? ஆரும் விழுந்திட்டினமோ?"

"நத்திங், நத்திங். ஹெட்ஜ் ட்ரிம் பண்றேன்" என்றார் இவர், ஆபீஸ் குரலில்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஏணி விழுந்த இடத்தில் கிளைகள் முறிந்து, வேலி சரியாக நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருந்தது. அந்த இடைவெளியில், முதல்முறையாக, அந்த அம்மாவின் முகம். கையில் ஒரு சிறிய சீசா.

"எறும்புக் கடிக்கு எண்ணெய். துடையில நல்லாப் பூசச் சொல்லுங்கோ" என்றார். உடனே அவசரமாக, "நான் ஒண்டும் காணேல்லை, பிள்ளை" என்றார்.

துடை என்று நான் வாயே திறக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சிரித்த சிரிப்பில் பாதி எண்ணெய் புல்லில் கொட்டிப்போயிற்று.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் கத்திரியோடு அந்தப் பக்கம் போகவேயில்லை. செம்பருத்தி துளிர்த்துத் துளிர்த்து அந்த இடத்தை அடைக்கப் பார்க்கும். அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் நானே நெஞ்சு உயரத்துக்கு நறுக்கிவிடுவேன். கயிறு கிடையாது, கையுறை கிடையாது. எறும்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்வேன்.