மூன்று டேக்குக்கு ஒரு டிரம் தண்ணீர்

செம்பனைகளுக்கு நடுவே போகும் செம்மண் சாலையில் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். உடம்பில் கைதிச் சட்டை, அதுவும் ஈரம். என் சொந்தச் சட்டை படம் எடுக்க வந்தவர்களின் வேனில் கிடந்தது. திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். போனால் யாரையாவது அடித்துவிடுவேன் என்று தோன்றியதால் நடந்தேன்.

அவர்கள் கோலாலம்பூர்ப் பிள்ளைகள், நான்கு பேர். நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடையில் என்னைப் பிடித்தார்கள். ஏதோ ஒரு நாட்டில், காட்டாதே என்று அரசாங்கம் சொன்னதைப் படம் எடுத்த இயக்குநர்களைச் சிறையில் போட்டிருக்கிறார்களாம். அவர்களுக்கு ஆதரவாகப் பல ஊர்களில் குறும்படம் எடுக்கிறார்களாம். இவர்களுடையது மூன்று நிமிடம். ஓர் அறை, ஒழுகும் கூரை, ஒரு கைதி, அவ்வளவுதான். என் தாடியையும் எலும்பையும் பார்த்துவிட்டு என்னைக் கைதியாக்கினார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். லாக்கப்பைப் பார்த்தவன். ஆனால் படம் எடுத்ததற்காக ஒருவனை உள்ளே தள்ளுவார்கள் என்பது எனக்குப் புதிது. கேட்டதும் தட்டைக் கீழே வைத்தேன். வருகிறேன் என்றேன்.

படப்பிடிப்பு ஒரு பழைய லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில். எல்லா வீடும் பூட்டிக் கிடக்க, கடைசி வீட்டில் மட்டும் ஓர் அக்கா இருந்தார். அந்தத் தோட்டத்திலேயே பூச்சிமருந்தடித்துக் கை வெந்தவர். மற்றவர்கள் புக்கிட் செந்தோசா பக்கம் போய்விட்டார்கள். தருவதாகச் சொன்ன மாற்று வீட்டைத் தராமல் நகரமாட்டேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கிளப்புவதற்காகத் தோட்டத்து ஆபீஸ் லயத்துக் குழாயை மூடிவிட்டது. கோயில் குழாயில் பிடித்து, சைக்கிளில் கேன் கேனாகக் கொண்டுவந்து, வாசலில் ஒரு நீல டிரம்மில் சேர்த்து வைத்திருந்தார்.

படம் என்றதும் அவரே தன் வீட்டைத் திறந்துவிட்டார். கேமராவுக்குச் சூடம் காட்டி, அதன் நெற்றி என்று நினைத்த இடத்தில் குங்குமம் வைத்தார். "இந்த பைப்ப மட்டும் ஒரு தடவ காட்டச் சொல்லு தம்பி. நாலு பேரு பாக்கட்டும்" என்றார் என்னிடம்.

மழை வேண்டியிருந்தது. வானம் காய்ந்து கிடந்தது. பையன்கள் இரண்டு பேர் அந்த டிரம்மைத் திறந்து, வாளி வாளியாகக் கூரைக்கு ஏற்றி, தகர ஓட்டை வழியே ஊற்றினார்கள். வீடு என்றால் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் என்று வளர்ந்த பிள்ளைகள். நான் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன், அப்படித்தான் இருக்கச் சொன்னார்கள். முதல் டேக்கில் மோட்டார் சைக்கிள் சத்தம். இரண்டாவதில் வாளி தெரிந்துவிட்டது. மூன்றாவது நன்றாக வந்தது. கண்ணைத் திறந்தால் டிரம் கவிழ்ந்து கிடக்கிறது. அக்கா அதன் பக்கத்தில் நிற்கிறார்.

"இப்ப பைப்ப எடுங்க தம்பி" என்றார் இயக்குநர் பையனிடம்.

அவன் லென்சைத் துடைத்துக்கொண்டே, "அது முடியாதும்மா. தோட்டப் பிரச்சினை எதையும் காட்ட மாட்டோம்னு சொல்லித்தான் ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்குனோம்" என்றான்.

"காட்டாதேன்னு சொன்னதக் காட்டுனதுக்குத்தானடா அவங்க உள்ள இருக்காங்க?" என்றேன்.

"அண்ணே, அது வேற இஸ்யூ லா. மீறி எடுத்தா நம்ம மேல கேஸ் போடுவான்."

"போடட்டும். கைதிச் சட்டதான் ஏற்கனவே தச்சு வெச்சிருக்கீங்களே."

விளக்குப் பிடித்த பையன் சிரித்துவிட்டான். இயக்குநர் சிரிக்கவில்லை. வேனிலிருந்து இரண்டு பெட்டி மினரல் வாட்டரை இறக்கி வாசலில் வைக்கச் சொன்னான். அக்கா அவற்றைப் பார்த்தார்.

"குளிக்கிறதுக்கு ஒவ்வொரு மூடியா தொறந்து ஊத்திக்கணுமா?" என்று கேட்டுவிட்டு டிரம்மை நிமிர்த்தப் போனார்.

அப்படியே ஈரச் சட்டையோடு கிளம்பி நடந்தேன். வழியெல்லாம் ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. சிறையில் இருக்கும் அந்த மனிதர்களும் ஆபீஸில் கேட்டுவிட்டுப் படம் எடுத்திருந்தால், இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்கள்.

பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். காலையில் தேநீர்க் கடையில் ஒரு தண்ணீர் லோரி டிரைவர் உதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் சட்டையைப் பார்த்து, "எந்த ஜெயில்லேருந்து லா வர்ற?" என்றார்.

"நேத்து ஒரு நாளுதாண்ணே. விட்டுட்டாங்க."

ஏறச் சொன்னார். செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலை. தோட்டம் எது என்று கேட்டேன். நேற்று நடந்து வந்த அதே தோட்டம்.

லயத்து முனையில் நிறுத்தச் சொன்னேன். அக்கா சைக்கிளில் காலி கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தார். லோரியின் ரப்பர் குழாயை இழுத்துப் போய் அந்த நீல டிரம்முக்குள் விட்டேன்.

"டேய், கன்னுக்கு வந்த தண்ணிடா அது" என்றார் டிரைவர். "வேல வாங்குற மண்டோர் பாத்தா இன்னைக்கே உன்ன வெரட்டிருவான்."

"வெரட்டட்டும். வால்வத் தொறங்கண்ணே."

அவர் லயத்தைப் பார்த்தார், அக்காவின் கேன்களைப் பார்த்தார். என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு வால்வைத் திறந்தார்.