ஒரு மைல் குதிரை

பெங்களூரிலிருந்து ஊட்டி ரேசுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒரு பெட்டைக்குதிரை மொரப்பூர் ஸ்டேஷனில் இருமி, மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. அதை மட்டும் இறக்கிவிட்டு ரயில் சேலத்தைப் பார்க்கப் போய்விட்டது. கூடவே இறங்கிய குதிரைக்காரர் முதலாளிக்குத் தந்தி கொடுத்தார். வயதான குதிரை, இனி ஜெயிக்காது, யாராவது கேட்டால் கொடுத்துவிடு, இல்லையென்றால் சுட்டுவிடு என்று பதில் வந்தது. நான்காம் நாள் அது எழுந்து நின்றது. ஐந்தாம் நாள் நான் போய்க் கேட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வெளியே இன்னும் உலகச் சண்டை தொடங்கவில்லை. என் வீட்டில் தொடங்கியிருந்தது. கணவர் காலமாகி எட்டு மாதம், கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. என் பங்கு நிலம் வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி, சித்தேரி மலையைப் பார்த்தபடி இருந்தது. வண்டியும் மாடும் கொழுந்தனார் பங்குக்குப் போயிருந்தன. அவர் கெட்டவர் இல்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் நிலத்தைக் கேட்டார். அந்த இரக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

“அண்ணி, கைக்கொழந்தய வெச்சிக்கிட்டு தெனமும் நாலு மைலு போய் வர முடியுங்களா? பாராத பயிரு பாழுன்னு சும்மாவா சொன்னாங்க? நானே பண்றேங்க. வருசத்துக்கு வேணுங்கறத வூட்டுக்கு அனுப்பி வெக்கிறேன்” என்றார்.

அளந்து போடும் சோறு எனக்கு வேண்டாம் என்றேன். பங்காளிகள் கூடிப் பேசி, கார்த்திகை அறுப்பு வரை தவணை கொடுத்தார்கள். அதுவரை நான் நேரில் நின்று பயிர் செய்து காட்டினால் நிலம் என் பொறுப்பு. முடியாவிட்டால் அவர் பொறுப்பு. எங்கள் பக்கம் அறுப்பன்று சூடம் கொளுத்தி, முதல் அரிவாளை ஆட்கள் கையில் எடுத்துக் கொடுப்பவர்தான் அந்த நிலத்துக்கு உடையவர். அதைக் கொடுக்கப்போவது யார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

பாலக்கோட்டுப் பக்கம் என் அப்பா வீட்டில் ஒரு மட்டக்குதிரை இருந்தது. பத்து வயது வரை அதன் முதுகில்தான் வளர்ந்தேன். அந்தத் துணிச்சலில் புடவையைக் கச்சம் கட்டிக்கொண்டு இந்தக் குதிரைமேல் ஏறினேன். தாலி இழந்தவள் குதிரை ஏறுகிறாள் என்று வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஆனால் ரேஸ் குதிரை வேறு பிறவி. முதுகில் ஆள் ஏறினால் அதற்குத் தெரிந்தது ஓட்டம் ஒன்றுதான். ஒரு மைல் பறக்கும். பிறகு தானாக நின்று, திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே நடந்து வந்துவிடும். பந்தயம் முடிந்தது, சேணத்தைக் கழற்று என்று என்னைப் பார்க்கும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்பார்களே, அதேதான். பதினைந்து நாள் இதே கூத்து. இரண்டு முறை விழுந்து முழங்கையைப் பேர்த்துக்கொண்டேன். கிணற்றடியில் பெண்கள், “என்னங்கக்கா, ஊட்டி போயிட்டு வந்தாச்சிங்களா?” என்று கேட்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். குதிரையைக் கட்டிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலத்துக்கு நடப்பேன்.

ஒருநாள் அது ஒரு மைல் ஓடி நின்று திரும்பப் போகும்போதே கோபத்தோடு குதித்திறங்கினேன். வாரை அவிழ்த்து, சேணத்தைக் கீழே போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்தபின் அதன் வியர்வையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் கையில் பிடித்து நடத்தினேன். வீட்டுக்குத் திரும்பலாம் என்று மறுபடி சேணம் கட்டி ஏறியபோது, மலையைப் பார்த்து நின்றிருந்த அது அப்படியே முன்னால் பாய்ந்தது. அதன் கணக்கில் அது அடுத்த பந்தயம்.

பிறகென்ன, நாலு மைலுக்கு நாலு பந்தயம். ஒவ்வொரு மைலிலும் இறங்கி, சேணம் கழற்றி, துடைத்து, நடத்தி, மறுபடி ஏறுவேன். உழவு, விதைப்பு, களையெடுப்பு என்று ஒருநாளும் நான் போகாமல் இருந்ததில்லை. துடைக்கும்போது அது என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விடும். குழந்தையைத் தவிர என்னை யாரும் தொடாத காலம் அது. அந்தக் குதிரைமேல் எனக்கு உயிர்.

அறுப்புக்கு முதல் நாள் கொழுந்தனார் வந்தார். “நல்ல நேரம் ஏழரையோட முடியுதுங்க அண்ணி. அதுக்குள்ள நீங்க வரலேன்னா அருவாள நான் எடுத்துக் குடுத்துர்றேங்க” என்றார். சரி என்றேன்.

மறுநாள் தூறல், குளிர். குழந்தையை வழக்கம்போல் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டேன். மூன்றாவது மைல் முடிவில் குதிரை இருமியது. மொரப்பூரில் அதைப் படுக்க வைத்த அதே இருமல். விலா ஏறி ஏறி இறங்கியது. நான் ஏறினால் அது ஓடும், விழும் வரை ஓடும். அது எனக்குத் தெரியும். ஏறாவிட்டால் நிலம் போகும். அதுவும் தெரியும். சேணத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, என் போர்வையை அதன்மேல் போட்டு, அதன் நடைக்கு நடந்தேன். நிலம் போனால் போகட்டும் என்று வாய் சொன்னது. மனசு கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழரை தாண்டி வெகுநேரமாகியிருந்தது. சூடம் எரிந்து கருப்புத் தடம் மட்டும் இருந்தது. அரிவாள் கொழுந்தனார் கையில். கேழ்வரகு ஒரு கதிர்கூடக் குறையாமல் அப்படியே நின்றது. அறுக்க வந்த பத்துப் பெண்களும் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“நல்ல நேரமும் போச்சுங்க அண்ணி. நீட்டுன அருவாள ஒருத்தியும் வாங்க மாட்டேங்கறா” என்றார் அவர்.

ஆட்களில் மூத்தவள் அவரைப் பார்த்து, “கோவிச்சுக்காதீங்க எசமாங்க. மழையின்னும் பாக்காம வெயிலுன்னும் பாக்காம தெனமும் வந்தவுங்க, இன்னிக்கு மட்டும் வராம போயிருவாங்களா?” என்றாள்.

கொழுந்தனார் அரிவாளை என்னிடம் நீட்டினார். மூத்தவள் இரண்டு கையையும் ஏந்தினாள். அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.