நடுவில் ஆக்சிலேட்டர் வைத்த கார்

மணவாள நகரில் என் மகள் கார் ஓட்டப் பழகுகிறாள். துணைக்கென்று பின்சீட்டில் நானும் ஏறிக்கொள்கிறேன். நேற்று வாத்தியார், "இன்னாம்மா, நடுவுல கீறதுதான் பிரேக்கு, மறந்துட்டியா?" என்று சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் கண்ணாடி வழியாக என்னை முறைத்தாள்.

நடுவில் இருப்பது எப்போதும் பிரேக் இல்லை. கும்மிடிப்பூண்டியில், பற்சக்கரம் வெட்டும் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளிப்பட்டிலிருந்து லாரியில் ஒரு ஜெர்மன் கார் வந்து இறங்கியது. முதல் உலகப் போருக்கும் முந்தையது. மாட்டுக் கொட்டகையில் கிடந்ததால் சாண வாசனை. எஞ்சின் மூடியைத் திறந்தாலோ பித்தளையும் செம்புமாகப் பூஜைப் பாத்திரம் மாதிரி இருந்தது. சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பு. இடையில் கேஸ்கெட்டே கிடையாது, ஒழுகுவதற்கு வழியே வைக்கவில்லை. பின்சக்கரங்களைச் சுழற்ற சைக்கிளில் இருப்பதுபோல் சங்கிலி, பக்கத்துக்கு ஒன்று. இடது மிதி கிளட்ச், நடுவில் ஆக்சிலேட்டர், வலது ஓரம் பிரேக். தேய்ந்துபோன தண்ணீர்ப் பம்புப் பற்சக்கரத்தை வெண்கலத்தில் புதிதாக வெட்டினோம். முதலில் நான் வெட்டியது முதலாளி மேசைக்குப் பேப்பர் வெயிட்டாகப் போனது.

காரின் சொந்தக்காரர் ரங்கையா. ஒரு காலத்தில் அது பெரிய வீட்டுக் கார். ரங்கையாவின் அப்பா அதன் டிரைவர். டிரைவர் பிள்ளையை அதில் ஏற்ற மாட்டார்கள். அந்தக் குடும்பம் நொடித்தபோது, வேண்டாமென்று விட்ட காரை அப்பா வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. இப்போது ரங்கையாவின் மகன் அதை விற்றுவிட்டான். ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்ததும் வாங்கியவரின் லாரி வந்துவிடும். அதற்குள் ஓடுகிற காரின் பின்சீட்டில் ஒருதரம் உட்கார வேண்டும். கிழவருக்கு அவ்வளவுதான் ஆசை.

பூஜையன்று காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தோம். பழம் நசுங்கியதும் நிறுத்திக் கற்பூரம் காட்டிவிட்டு, தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு சுற்று என்று ஏற்பாடு. எங்கள் வேன் டிரைவர் ஜோசப் அண்ணன் மிதிகளின் வரிசையை ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே ஏறினார். ரங்கையா பின்னால் உட்கார்ந்தார். கார் உறுமி நகர்ந்தது. பழம் நசுங்கியது. கை தட்டினோம். நிறுத்த வேண்டிய ஜோசப் அண்ணன், வேன் ஓட்டிய பழக்கத்தில், நடு மிதியை ஓங்கி மிதித்தார். கார் பாய்ந்துபோய்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறையின் மணல் குவியலில் முட்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் ரேடியேட்டர் நசுங்கித் தண்ணீர் கொட்டியது. பழுது பார்க்கலாமென்றால், பூஜையில் வைத்த கருவியை மறுநாள் பூஜை ஆகும்வரை நாங்கள் தொடுவதில்லை. லாரியோ அதற்கு முன்பே வந்துவிடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சிருங்க பெரியவரே, பழக்க தோசம்" என்றார் ஜோசப் அண்ணன்.

"நீ கால நடுவுல கொண்டுபோறத நான் எட்டிப் பாத்துக்கினுதான்பா இருந்தேன்" என்றார் ரங்கையா.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"இன்னாபா நீ! பின்னால ஒக்காந்துக்கினு டிரைவருக்குப் பாடம் எடுக்கறவங்கள எங்க நைனாவுக்கு ஆவவே ஆவாது. அந்த ஊட்டுக்காரங்க அத்தத்தான் பண்ணிக்கினு இருந்தாங்க."

தண்ணீர் கொட்டி முடியும்வரை அவர் இறங்கவில்லை.

கார் போய்விட்டது, எங்கே இருக்கிறதோ. ரங்கையாவும் போய்ச் சேர்ந்தார். பட்டறை இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிக் கிடங்கு. முட்டி நிற்க மணல் குவியலும் இல்லை. பின்சீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காரும் வேலை ஒன்றுதான் மிச்சம். அதை நாளைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.